வலி போனது, கை வரவில்லை

தோள் உறைந்துபோகும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எங்கள் தோட்டத்தில் உறைகிற சாமான் என்று எனக்குத் தெரிந்தது தேங்காய் எண்ணெய்ப் போத்தல் ஒன்றுதான். அடுப்போரம் வைத்தால் அது பத்து நிமிடத்தில் இளகிவிடும். நாற்பத்தெட்டு வயதில் என் வலது தோள் உறைந்தது. அது இளக இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. அந்தக் காலத்தில் தோளுக்கு நடந்ததையும் எனக்கு நடந்ததையும் எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு நிதானமாக எழுதலாம் என்று இருந்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நான் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். இலங்கை மலையகத்தில் திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் படிக்க வைக்க ஆளில்லை, ஆனால் எழுதுகிற பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. கொழுந்து பறிப்பதைப் படம் பிடிக்க வருகிறவர்கள் எல்லாம் எங்கள் விரலைத்தான் படம் பிடிக்கிறார்கள். விரல் செய்வது பாதி வேலைதான். கை நிறையப் பறித்ததும் அதைத் தோளுக்கு மேலே தூக்கி, முதுகில் தொங்குகிற கூடைக்குள் பின்பக்கமாக எறிய வேண்டும். கூடையின் கயிறு தலையில் மாட்டியிருக்கும். திரும்பிப் பார்க்க நேரம் கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதையே செய்வது தோள்தான். இருபத்தேழு வருடம் நானும் அதைக் கவனித்ததில்லை.

ஒரு மழை மாதத்தில் நான் எறிந்த கொழுந்து கூடைக்கு வெளியே விழ ஆரம்பித்தது. எங்கள் வேலையை மேற்பார்க்கிற கங்காணி பின்னால் வந்து பார்த்துவிட்டு, மலைக்குத் தீனி போடுகிறாயா என்று கேட்டார். பக்கத்துச் செடி நிரைகளில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கை போக வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிடுகிறது என்பது அப்போது எனக்கே தெரியவில்லை. அடுத்து, இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கை முதுகுப்பக்கம் முடிச்சுப் போட முடியாமல் போனது. அதற்கடுத்து வலி வந்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் உள்ளே குடையும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. தெரியாமல் கையை வெடுக்கென்று அசைத்துவிட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

பக்கத்துக் காம்பராவில் ஓர் அக்கா இருந்தாள். இப்போதும் இருக்கிறாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், 'இருந்தார்' என்றுதான் எழுத வேண்டும். மனம் வரவில்லை. ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்தில் அவள் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மலையிலும் அவள் நிரைக்குப் பக்கத்து நிரைதான் என்னுடையது. இருபது வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. என் வீட்டுக்காரர் கொழும்பில் கட்டட வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை வந்து போவார். மகளை ஹட்டன் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டோம். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்தது அந்த அக்காதான். என் மகள் வயதுக்கு வந்தபோது முதலில் ஓடி வந்ததும் அவள்தான்.

அவள் எங்கள் தொழிற்சங்கத்தின் மாதர் தலைவி. தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு ஆபீசில் ஏதாவது ஆக வேண்டுமென்றால் அந்தப் பெண்ணே போய்ப் பேசமாட்டாள். தலைவி பேசுவாள், இவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். தோட்டத்தை நடத்துகிற துரைக்கு முன்னால் நமக்கு வாய் வராது என்று நாங்களே முடிவு செய்து, வாய் உள்ள ஒருத்தியிடம் நம் வாயையும் சேர்த்துக் கொடுத்து வைத்திருக்கிறோம். நானும் அப்படித்தான் கொடுத்து வைத்திருந்தேன். நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

என் தோளைப் பார்த்து இது சுளுக்கு என்று முதலில் சொன்னது அக்காதான். கீழ் லயத்தில் சுளுக்கு எடுக்கிறவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் எண்ணெயைத் தடவி, என் கையைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். என் உயிர் ஒரு தடவை வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தது. இனி சரியாகிவிடும் என்றார். அடுத்த வாரம் வலி இரண்டு மடங்கானது. அக்கா தன் பழைய வொயில் சேலையைக் கிழித்து, என் கையை மடக்கிக் கழுத்தோடு தொங்கவிட்டுக் கட்டினாள். அசைக்கவே கூடாது, அசைத்தால் நரம்பு அறுந்துபோகும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இரண்டு மாதம் அந்தக் கட்டோடுதான் இருந்தேன். இடது கையால் முடிந்த அளவு பறித்தேன், முடியாத நாளில் வீட்டில் இருந்தேன்.

கடைசியில் தோட்டத்து மருந்து ஐயாவே பயந்துபோய் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அக்கா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தாள். பஸ்ஸில் என்னை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, யாரும் என் தோளில் இடிக்காமல் வழி முழுக்க மறைத்துக்கொண்டு வந்தாள். அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கட்டை அவிழ்க்கச் சொன்னார். கையை நீயே தூக்கு என்றார். இடுப்புக்கு மேலே கொஞ்சம் போனது, அவ்வளவுதான். பிறகு, நீ சும்மா இரு, நான் தூக்குகிறேன் என்று அவரே மெதுவாகத் தூக்கினார். அவர் தூக்கியும் அதே இடத்தில்தான் நின்றது. அதைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. தசை அறுந்திருந்தால் வேறு ஆள் தூக்கும்போது கை பெரும்பாலும் மேலே போகுமாம். இது யார் தூக்கினாலும் போகாதாம். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு நன்றாக இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சீனி ஏகத்துக்கு ஏறியிருந்தது. எனக்குச் சீனி வியாதி இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். அது இருக்கிறவர்களுக்கு, அதிலும் என் வயதுப் பெண்களுக்கு, இந்தத் தோள் வியாதி அதிகமாக வருமாம். மூட்டுக்குள் ஊசி போட்டால் வலி குறையும், ஆனால் அந்த ஊசி சீனியை இன்னும் ஏற்றிவிடும், முதலில் சீனியை இறக்கிக்கொண்டு வா என்று மாத்திரை எழுதினார். அன்றோடு என் தேத்தண்ணியில் சீனி நின்றது.

பிறகு உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த சிங்களப் பெண்ணுக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. தோள் மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது என்று விளக்கினார். சுடுதண்ணீரில் போட்ட கம்பளிச் சுவெட்டர் சுருங்குமே, அதுபோல அந்த உறை சுருங்கித் தடித்து மூட்டைப் பிடித்துக்கொண்டது என்றார். சுவெட்டரைச் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது, நான் அப்படி ஒன்றை நாசமாக்கியிருக்கிறேன்.

கட்டை யார் போட்டது என்று அவர் கேட்டார். அசைக்காமல் வைத்ததால் இறுக்கம் இன்னும் கூடிவிட்டது என்று கோபப்பட்டார். அக்கா எனக்குப் பின்னால்தான் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்காமலே, நானாகத்தான் கட்டிக்கொண்டேன் என்று சொன்னேன். நல்ல மனதோடு செய்தவளை ஓர் அந்நிய இடத்தில் காட்டிக் கொடுக்கக் கூடாது என்பது எனக்கு யோசிக்காமலே வந்தது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

அந்த அம்மா சொன்னதில் ஒன்றை அக்காவும் நானும் சேர்ந்தே கேட்டோம். இந்த வியாதி மூன்று காலமாக நடக்கும் என்றார். முதல் காலத்தில் வலிக்கும். இரண்டாவதில் வலி குறைந்துவிடும், ஆனால் கை இன்னும் இறுகிப்போய் இருக்கும். மூன்றாவதில் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். எல்லாம் முடிய ஒரு வருடமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம்.

"வலி போனதும் சரியாயிட்டுது என்டு நினைக்க வேண்டாம். அந்த நேரம்தான் ஆக்கள் பயிற்சிய விடுறது. கை அப்பவும் மூடித்தான் இருக்கும்" என்றார்.

அக்கா தலையாட்டினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை இரண்டு தடவை எனக்கே திருப்பிச் சொன்னாள், நான் மறந்துவிடுவேன் என்று.

பயிற்சிகள் பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். முதலில் வெந்நீரில் நனைத்த துணியைத் தோளில் வைக்க வேண்டும். பிறகு மேசையை இடது கையால் பிடித்துக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு வட்டமாக ஆட்ட வேண்டும். துவாயை முதுகுக்குப் பின்னால் பிடித்து நல்ல கையால் கெட்ட கையை மேலே இழுக்க வேண்டும். சுவரில் விரல்களை நண்டு நடக்கிற மாதிரி மேலே நடக்கவிட வேண்டும். வலி பொறுக்கிற எல்லையோடு நிறுத்த வேண்டும், ஆனால் ஒரு நாளும் விடக் கூடாது. விரல் எந்த உயரம் வரை நடந்தது என்று அக்கா வாரத்துக்கு ஒருமுறை அடுப்புக்கரியால் என் காம்பராச் சுவரில் கோடு போடுவாள். நாலு மாதத்தில் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருங்கி ஒரே கறுப்புப் பட்டையாகிவிட்டன. கை ஏறவில்லை என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை, அதைப் போட்டவளே அவள்தான்.

டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டைக் காட்டி அக்காவே ஆபீசில் பேசி எனக்கு இலேசான வேலை வாங்கிக் கொடுத்தாள். தேயிலைக் கன்று வளர்க்கும் கொட்டிலில், சின்னப் பைகளுக்கு மண் நிரப்புகிற வேலை. உட்கார்ந்து செய்கிற இடம் அங்கே ஒன்றுதான் உண்டு, மற்றவர்கள் எல்லாம் தண்ணீரும் மண்ணும் தூக்க வேண்டும். என் முழங்கையும் மணிக்கட்டும் விரலும் நன்றாக இருந்தன. இடுப்பு மட்டத்தில் எந்த வேலையும் செய்வேன். நெஞ்சுக்கு மேலே மட்டும் அந்தக் கை எனக்குச் சொந்தமில்லை.

அந்த இடம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் காம்பரா என் பெயரில் நிற்கிறது. வீட்டுக்காரருக்குத் தோட்டத்து வேலைப் பதிவில் பெயர் இல்லை. வேலைக்கு ஒழுங்காகப் போகாவிட்டால் என் பெயரை வெட்டுவார்கள், பெயரை வெட்டினால் காம்பராவைக் கேட்டு ஆள் வரும். நாற்பத்தெட்டு வயதில், ஒரு கையோடு, நாங்கள் எங்கே போவது?

தலை சீவுவதும் நெஞ்சுக்கு மேலே நடக்கிற வேலைதான். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் அக்கா என் காம்பராவுக்கு வருவாள். நான் பலகையில் உட்காருவேன். எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இழுத்துப் பிடித்துச் சடை பின்னுவாள். எனக்கு இடுப்பு வரை முடி. நான் பின்னினால் தளர்வாக இருக்கும், அவள் பின்னினால் ஒரு முடி வெளியே வராது. தலை கலைந்துபோய் ஆட்களுக்கு முன்னால் நிற்கிறவளைக் கண்டால் அவளுக்குப் பிடிக்காது. ஏழு மாதம் ஒரு நாள் தவறாமல் பின்னினாள். என் அம்மாகூட அத்தனை பொறுமையாக எனக்குத் தலை சீவியதில்லை. அந்த நேரத்தில்தான் நாங்கள் எல்லாக் கதையும் பேசுவோம்.

அப்படி ஒரு காலையில்தான் நான் அவளிடம் சொன்னேன், அக்கா, இப்போ வலியே இல்லை, நல்லாத் தூங்குகிறேன் என்று. சந்தோஷமாகத்தான் சொன்னேன். இரண்டாவது காலம் வந்துவிட்டது, அந்த அம்மா சொன்னபடியே நடக்கிறது என்று நினைத்தேன். அக்காவும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டாள்.

அந்த மாதத்திலேயே கொட்டிலில் ஒரு பேச்சுக் கிளம்பியது. நான் நடிக்கிறேன் என்றார்கள். வீக்கம் இல்லை, காயம் இல்லை, முகத்தில் வலியும் இல்லை, கை சுறுசுறுப்பாக மண் அள்ளுகிறது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த வியாதிக்கு வெளியே காட்ட ஒன்றுமே கிடையாது. கால் உடைந்தவன் மாவுக்கட்டைக் காட்டலாம், நான் எதைக் காட்டுவது? விசாரிக்க வேண்டுமென்று ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். எனக்குப் பயமே இல்லை. பேசப் போகிறவள் அக்கா.

அன்று காலையும் அவள் வந்து தலை பின்னிவிட்டாள். வழக்கத்தைவிட இறுக்கமாக, துரைக்கு முன்னால் போகிறாய் அல்லவா என்று சொல்லிக்கொண்டே பின்னினாள்.

ஆபீசில் துரை இருந்தார், மலை வேலையைக் கவனிக்கிற வெளிக்கள ஐயா இருந்தார், அக்காவும் நானும் போய் நின்றோம். துரை என் கிளினிக் கொப்பியைப் புரட்டினார். வலி குறைந்திருக்கிறது என்று டாக்டர் கடைசியாக எழுதியிருந்ததை வாசித்தார். மற்றதையும் எழுதியிருப்பார், அதை வாசித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. வெளிக்கள ஐயா அக்காவைப் பார்த்து, தலைவி என்ன சொல்லுகிறீர்கள் என்றார். என் தோள் எந்த மட்டத்தில் நிற்கிறது, எத்தனை மாதமாக ஏறவில்லை, எல்லாம் சொல்லுவாள் என்று நான் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

"வலி இல்லைன்னு அவளே என்கிட்ட சொன்னா ஐயா" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு வேறு ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஐயா என் சடையைக் காட்டி, கை தூக்க முடியாத பொம்பளை இப்படித் தலை பின்னுவாளா என்று கேட்டார். எனக்கு அதைக் கேட்டு நிம்மதியாகக்கூட இருந்தது. இதற்குப் பதில் சுலபம். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஆபீசில் நானே வாயைத் திறந்து, அக்காதான் தினமும் பின்னிவிடுறாங்க என்று சொன்னேன். ஐயா திரும்பி அவளிடம் கேட்டார், நீங்களா பின்னுகிறீர்கள் என்று.

"இல்லைங்க" என்றாள்.

அந்த ஒரு சொல்லை எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். தயங்கிச் சொன்னாளா? இல்லை. குரல் நடுங்கியதா? இல்லை. கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால் சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

என் கையைத் தூக்கிப் பாருங்கள், யார் தூக்கினாலும் போகாது என்று நான் கெஞ்சினேன். துரையும் ஐயாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் கையை ஆம்பிளைகள் எப்படித் தொடுவார்கள்? அந்த அறையில் என்னைத் தொடக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பி, நீங்க தூக்கிக் காட்டுங்க அக்கா என்றேன். அவள் மேசை மேலிருந்த மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. இடது கையால் சடையின் நுனியைப் பிடித்து, ரப்பரை இழுத்துப் போட்டு, பின்னலை அவிழ்த்துவிட்டேன். இப்போ என்னால் பின்ன முடியுமா, பாருங்க என்று வலது கையைத் தூக்கினேன். அது நெஞ்சு மட்டத்தில் நின்றது. மூன்று பேர் முன்னால், தலைவிரி கோலத்தில், ஒரு கையைப் பாதியில் தூக்கியபடி நின்றேன். அது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். ஐயா முகத்தைச் சுளித்தார். நாடகம் போதும் என்று துரை சிங்களத்தில் சொன்னது எனக்கு விளங்கியது. திங்கட்கிழமை மலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் பெயரை வெட்டுவோம் என்றார்கள்.

வெளியே வந்து படியிறங்கும்போது அக்கா ஓடிவந்து என் பின்னால் நின்றாள்.

"ஆளுங்க பாக்குறாங்க தங்கச்சி. நில்லு, முடிய கட்டி விடுறேன்" என்றாள்.

அவள் விரல் என் தலையில் பட்டது. நான் தட்டிவிட்டு நடந்தேன். தொழிற்சாலையைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, மூன்று லயத்தைத் தாண்டி, முடியை விரித்துப் போட்டபடியே நடந்தேன். வீட்டில் சாவு விழுந்ததா என்று ஒரு கிழவி கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஏன் அப்படிச் செய்தாள் என்பது திங்கட்கிழமை பெரட்டில் தெரிந்தது. அவள் மருமகள் மாசமாக இருந்தாள். ஏற்கனவே ஒன்று கலைந்துவிட்டது, இந்தத் தடவை மலை ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கொட்டிலில் உட்காரும் இடத்துக்கு அவளைப் போட்டார்கள். எனக்குப் புரியாமல் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்கு முன்னால் என் தோள் என்ன பெரிய தோள்? என்னிடம் கேட்டிருந்தால் விட்டுக் கொடுத்திருப்பேனா என்று என்னையே கேட்டிருக்கிறேன். கொடுத்திருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கேட்டிருக்கலாம். என் முடியைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை நாள் காலையில் உட்கார்ந்தவளுக்கு, அதில் ஒரு காலையில் கேட்க வாய் வரவில்லை.

மலைக்குப் போனேன். கூடையை விட்டுவிட்டு ஒரு பையை வயிற்றுக்கு முன்னால் கட்டிக்கொண்டு பறித்தேன். முழு நாளும் மழையில் நின்று பறித்தாலும் எனக்கு அரைப்பேர்தான், அரை நாள் கூலிதான், விழும். கங்காணி பாவப்பட்டு என்னை ஓரத்து நிரையில் போட்டார், அது அக்காவின் நிரையிலிருந்து தூரம். தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் நிழல் மரத்தில் விரல்களை நடக்கவிடுவேன். மரத்துக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுகிறாள் என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். சீனி இறங்கிய பிறகு டாக்டர் தோளில் ஓர் ஊசியும் போட்டார். இறுகிப்போன காலத்தில் அது பெரிதாக உதவாது என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்.

தலை பின்ன ஆளில்லை. வேறு யாரிடமும் கேட்க எனக்கு இஷ்டமும் இல்லை. இன்னொருத்தி கையில் என் தலையைக் கொடுக்க மாட்டேன் என்று இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் விழுகிற பீலியடியில் உட்கார்ந்து, கத்தரிக்கோலை இடது கையில் பிடித்துக் கழுத்தளவுக்கு வெட்டிப் போட்டேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. எந்தக் கோயிலுக்கு நேர்த்தி என்று எல்லோரும் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கோயில் பெயரைச் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. கறி வைத்தால் ஒரு கோப்பையில் என் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். அதை மூடியைத் திறக்காமல் அவள் வாசலில் கொண்டுபோய் வைப்பேன். எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு என்று இருந்தது அந்தக் கோப்பை மட்டும்தான். மருமகளுக்குச் சுகப்பிரசவம், பெண் பிள்ளை. சுவருக்கு அந்தப் பக்கம் அது அழுவது கேட்கும். பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

கை இளக ஆரம்பித்த நாளைச் சரியாகச் சொல்ல முடியாது. ஒரு வாரம் காது வரை போனது. அடுத்த மாதம் உச்சந்தலையைத் தொட்டேன். இன்றுவரை முதுகுப்பக்கம் முழுதாக மடங்காது, ஆனால் மேலே போகிறது. அந்த ஓரத்து நிரையிலேயே மறுபடி கூடையை மாட்டிக்கொண்டேன், எறிகிற கொழுந்து கூடைக்குள் விழுகிறது. பெயர் வெட்டுப்படவில்லை, காம்பரா இருக்கிறது. எனக்கு ஆக வேண்டியதெல்லாம் ஆகிவிட்டது என்றுதான் யாரும் சொல்லுவார்கள்.

போன மாதம், வெயில் அடித்த ஒரு நாள், லயத்துக்குப் பின்னால் உயரத்தில் கட்டிய கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கையையும் தூக்கி ஒரு போர்வையை விரித்தேன். பின்னால் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அக்கா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டு, கிட்ட வந்து, என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தாள். அது கடைசி வரை போனது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"வந்துருச்சு தங்கச்சி. முழுசா வந்துருச்சு" என்றாள்.

முருகனுக்கு வேண்டியிருந்தாளாம். நாளைக்கே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்க வேண்டும் என்றாள். கண்ணீரைத் துடைக்கக்கூட என் கையை விடவில்லை. இருபது வருடம் பார்த்த முகம், அதில் எது நடிப்பு, எது நிஜம் என்று எனக்குத் தெரியும். அவள் சந்தோஷம் நிஜம். எனக்காகச் சந்தோஷப்பட இந்தத் தோட்டத்தில் அவளைவிட வேறு ஆள் இல்லை.

அது பொய்யாக இருந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். என்னை வெறுக்கிறவள் செய்தாள் என்று நினைத்து ஒதுக்கியிருப்பேன். என் மேல் இத்தனை பாசம் உள்ளவள்தான் அன்றைக்கு அந்த ஆபீசில் மேசை மணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கையை இழுத்துக்கொண்டு, வாளியில் மிச்சமிருந்த துணியை எடுத்துப் பிழிந்தேன்.